தாத்தாவின் நோட்டும் சுதாவின் பள்ளி மாவட்டமும்

வாட்ஸ்அப் குழு: கண்டியூர் வீடு

செவ்வாய்க்கிழமை

சுதா: எல்லோருக்கும் வணக்கம். உங்களிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை. இங்கே எங்கள் பள்ளி மாவட்டம் ஒன்பதாம் வகுப்புக்கு எத்னிக் ஸ்டடீஸ் பாடத்தைத் தானே எழுதப்போகிறது. கலிபோர்னியாவில் வாழும் பல்வேறு இன மக்களின் வரலாறுதான் அந்தப் பாடம். ஆசிரியர்களோடு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு குழு அமைக்கிறார்கள். அதில் பெற்றோருக்கான இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். மாணவர்கள் வகுப்பில் படித்து ஆராயத் தக்க ஒரு மூல ஆவணத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். தாத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்ததை எழுதி வைத்திருக்கும் நோட்டைக் கொடுக்க விரும்புகிறேன். அது தாத்தாவின் கையெழுத்து. நான் ஒருத்தியாக முடிவெடுக்கக் கூடாது.

கல்பனா அண்ணி: மிகவும் மகிழ்ச்சி, சுதா. உனக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும்.

சித்தப்பா: நல்ல காரியம். நோட்டு யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பாகம் பிரித்த நாளிலிருந்து பெட்டி உன் வீட்டில்தான் இருக்கிறது.

சித்தப்பா: பெட்டி என்னிடம் இருப்பது உண்மை. சாவியை என்னிடம் யாரும் தந்ததில்லை, அண்ணா.

மீனா அத்தை: சாவிப் பேச்சு இப்போது வேண்டாம்.

பெரியப்பா: சுதா, எனக்கு ஒன்று புரிய வேண்டும். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பாடத்திட்டம் சென்னையிலிருந்துதான் வந்தது. 2017இல் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, வரைவை இணையத்தில் வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன. ஓய்வுபெற்ற பிறகும் நான் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பினேன். ஆனால் அது மாநிலம் முழுமைக்குமான ஒரே பாடம். நாம் கருத்துச் சொல்லலாம், பாடத்தை எழுத முடியாது. ஒரு மாவட்டம் தனக்கென ஒரு பாடத்தை எழுதிக்கொள்ளும் அதிகாரத்தை யார் கொடுத்தது?

சுதா: நம் ஊரில் கல்வி மாவட்டம் என்பது அரசுத் துறையின் ஒரு நிர்வாகப் பிரிவு, பெரியப்பா. இங்கே பள்ளி மாவட்டம் தனி அமைப்பு. ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம் அதை நடத்துகிறது. வாரியத்தின் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். மாநிலக் கல்வி வாரியம் 2021 மார்ச்சில் இந்தப் பாடத்துக்கு ஒரு மாதிரியை ஏற்றுக்கொண்டது. மாவட்டங்கள் அதைப் பின்பற்றலாம், அல்லது தங்கள் ஊருக்கு ஏற்றபடி தாங்களே எழுதிக்கொள்ளலாம். அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 101 என்ற சட்டம், 2029-30இல் பள்ளிப் படிப்பை முடிப்பவர்களிலிருந்து தொடங்கி எல்லோரும் ஒரு பருவமாவது இதைப் படித்திருக்க வேண்டும் என்கிறது. மாவட்டம் தானே எழுதினால், வரைவை முதலில் ஒரு பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும். அன்றே நிறைவேற்றிவிட முடியாது; பின்னர் நடக்கும் இன்னொரு கூட்டத்தில், மக்கள் பேசுவதைக் கேட்ட பிறகுதான் ஒப்புதல் தர முடியும்.

பெரியப்பா: இரண்டு கூட்டங்கள் என்று சட்டத்திலேயே எழுதியிருப்பது நல்ல ஏற்பாடு.

முரளி: சட்டத்தின் மறுபாதியையும் சொல்லிவிடு, சுதா. அரசு நிதி ஒதுக்கினால்தான் அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வரும் என்றும் அதில் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அந்த நிதி இல்லை. கட்டாயமில்லாத ஒரு பாடத்துக்காக ஊரை இரண்டாக்க வேண்டுமா? 2016இல் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் நாம் பார்த்தது போதாதா?

சித்தப்பா: 2016இல் என்ன நடந்தது? நீங்கள் இருவரும் அந்த ஆண்டு தீபாவளிக்குப் பேசிக்கொள்ளவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முரளி: மாநிலத்தின் வரலாற்றுப் பாடத்துக்கான வழிகாட்டியைத் திருத்தினார்கள், அப்பா. பழைய காலத்தைச் சொல்லும்போது இந்தியா என்று எழுதுவதா, தெற்காசியா என்று எழுதுவதா, சாதியைப் பற்றி எவ்வளவு எழுதுவது என்று நம்மவர்களே இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள். நான் ஒரு வரிசையில் நின்றேன். சுதா எதிர் வரிசையில் நின்றாள்.

சுதா: அதனால்தான் இந்த முறை குழுவிலேயே இடம் கேட்கிறேன், அண்ணா. அன்று மற்றவர்கள் எழுதி முடித்த பக்கங்களில் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்தோம். ஒலிவாங்கியின் முன்னால் நமக்குக் கிடைத்த சில நொடிகளில் கோபத்தைத்தான் சொல்ல முடிந்தது, ஒரு பாடத்தை முன்வைக்க முடியவில்லை. இங்கே வரைவு இன்னும் எழுதப்படவே இல்லை. எந்த ஆவணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது, எந்தக் கேள்வியோடு கொடுப்பது என்று முடிவாகும் அறையில் பெற்றோர் இருக்க வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு மட்டும் வந்து நிற்பது மிகவும் தாமதம்.

மீனா அத்தை: சுதா, உன் உழைப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த நோட்டை அப்பா ஊருக்காக எழுதவில்லை. வழியில் காலராவில் போன என் அத்தையைப் பற்றி அவர் எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. அவள் பெயர் ஏதோ ஒரு நாட்டில் கேள்வித்தாளில் வருவதை நான் விரும்பவில்லை.

கல்பனா அண்ணி: அத்தை சொல்வதையும் யோசிக்க வேண்டும்.

புதன்கிழமை

சுதா: அத்தை, நேற்று இரவு முழுவதும் நீங்கள் எழுதியதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வேண்டாம் என்றால் நோட்டு வெளியே போகாது; இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அதை வைத்து என்ன செய்ய நினைத்தேன் என்பதைக் கேளுங்கள். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். எங்கள் பகுதிக் குடும்பங்களைச் சான் புரூனோவில் இருந்த டான்ஃபொரான் குதிரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய், லாயங்களில் தங்க வைத்தார்கள். பிறகு அவர்களை யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். அந்தத் திடலிலும் பெரியவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. தங்களுக்குள்ளேயே ஆசிரியர்களைத் தேடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். அதே மாதங்களில்தான் ஜப்பானியப் படைக்கு அஞ்சி நம் தாத்தா காலேவா, டாமு வழியாக இம்பாலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரே போர், ஜப்பானியர் என்பதற்காக இங்கே சிலர் அடைக்கப்பட்டார்கள், ஜப்பானியர் வருகிறார்கள் என்பதால் அங்கே சிலர் ஓடினார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளை, எந்த ஓர் இனத்தையும் எளிதில் பகையாக நினைக்காது என்று நான் நம்புகிறேன்.

பெரியப்பா: இந்த இணைப்பு எனக்குத் தோன்றியதே இல்லை. வரலாற்று ஆசிரியனாக இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஊர்க்காரர்கள் எழுதும் பாடத்தில் தரம் எப்படி நிற்கும் என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது. அனுபவம் வேறு, பாடம் கட்டுவது வேறு.

சுதா: அந்த ஐயத்துக்கு அலாஸ்காவின் வட கோடியில் பதில் இருக்கிறது, பெரியப்பா. அங்கே ஆதிக்குடிகளான இனுப்பியாக் மக்களின் பிள்ளைகள் மேல்நிலைப் படிப்புக்காக நெடுந்தொலைவில் இருந்த விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டு மொழியைப் பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறையும் உண்டு. 1972இல் நார்த் ஸ்லோப் என்ற உள்ளாட்சி அமைப்பு உருவானது. அதன் முதல் மேயரான ஈபன் ஹாப்சன், எண்ணெய் வருவாயின் மீதான உரிமைக்கு எவ்வளவு வாதாடினாரோ அவ்வளவு பள்ளிகளின் மீதான உரிமைக்கும் வாதாடினார். 1976இல் ஏற்பட்ட ஒரு வழக்கு உடன்படிக்கையின்படி 126 கிராமங்களில் மேல்நிலைக் கல்விக்கு வழி செய்ய அலாஸ்கா அரசு ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் மாலி ஹூச் என்ற மாணவியுடையது. பின்னர் நார்த் ஸ்லோப் பள்ளி மாவட்டம் ஊர் ஊராகப் போய், நன்றாக வளர்ந்த ஓர் இனுப்பியாக் பிள்ளைக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று முதியவர்களிடம் கேட்டது. அவர்கள் சொன்னவற்றைச் சுற்றுச்சூழல், சமூகம், வரலாறு, தனிமனிதர் என்று நான்கு பகுதிகளாக அடுக்கி, அதன் மேல்தான் பாடங்களைக் கட்டினார்கள். பாடம் கட்டும் தொழில் தெரிந்தவர்கள் ஆசிரியர்கள். எது பாடமாக வேண்டும் என்று சொன்னவர்கள் முதியவர்கள். இங்கேயும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சித்தப்பா: தேர்வு உண்டா? கல்லூரிச் சேர்க்கைக்கு இது உதவுமா?

பெரியப்பா: உனக்கு எப்போதும் அந்தக் கேள்விதான். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியை விட்டு முரளியைச் சிபிஎஸ்இ பள்ளியில் சேர்த்தபோதும் இதையேதான் கேட்டாய்.

சித்தப்பா: அவனுடைய எதிர்காலத்துக்காகச் செய்தேன், அண்ணா. உங்கள் பள்ளியைக் குறைவாக நினைத்துச் செய்யவில்லை.

பெரியப்பா: ஊர் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

கல்பனா அண்ணி: மாமா, பெரிய மாமா, இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் சுதாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முரளி: சுதா, 1942ஐப் பற்றி நீ எழுதியதை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் டான்ஃபொரானைப் பற்றிப் பள்ளியில் கேட்டதே இல்லையாம். ஆனால் அங்கே முன்பு இருந்த வணிக வளாகத்துக்கு நாங்கள் போயிருக்கிறோம். இதை ஏற்கிறேன். என் அச்சமெல்லாம் இந்தியர்களைப் பற்றிய பகுதியில் என்ன வரப்போகிறது என்பதுதான்.

சுதா: நான் முன்வைக்க நினைப்பதை இப்போதே சொல்கிறேன், அண்ணா, பிறகு தெரிந்து நீங்கள் வருந்தக் கூடாது. முதலில் பள்ளிக்கூட வழக்குகள். மேமி டேப் என்ற சீனச் சிறுமியைச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பள்ளி சேர்க்க மறுத்தபோது, பெற்றோர் வழக்குத் தொடுத்து 1885இல் வென்றார்கள்; உடனே சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளியைத் திறந்து, வெற்றியைப் பயனற்றதாக்கிவிட்டார்கள். ஆரஞ்சு கவுண்டியில் தங்கள் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பியதை எதிர்த்து மெண்டெஸ் குடும்பமும் வேறு சில மெக்சிகக் குடும்பங்களும் தொடுத்த வழக்கில் 1946இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் 1947இல் அது நிலைத்தது. அந்த ஆண்டே ஆளுநர் ஏர்ல் வாரன் இனப்பிரிவினைப் பள்ளிகளுக்கான சட்டப்பிரிவுகளை நீக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார். 1954இல் நாடு முழுவதும் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அவரேதான். எல்லாம் பெற்றோர் எழுந்து நின்றதால் நடந்தவை. இந்தியர்களில் 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட திலீப் சிங் சௌந்த் இருப்பார். பகத் சிங் திண்ட் வழக்கும் இருக்கும்.

முரளி: திண்டின் குடியுரிமையை மறுத்த 1923ஆம் ஆண்டு வழக்குதானே? அது நமக்கு இழைக்கப்பட்ட அநீதி. கட்டாயம் இருக்க வேண்டும்.

சுதா: அநீதிதான். அதோடு, அவர் தரப்பு வைத்த வாதத்தையும் பிள்ளைகள் படிக்க வேண்டும். தாம் உயர்சாதி இந்து, ஆகவே ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று சட்டம் சொல்லும் வகைக்குள் வருகிறவர் என்பதுதான் அந்த வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதி என்ற சொல்லை எடுத்துவிட்டு இந்த வழக்கை உண்மையாகச் சொல்ல முடியாது.

முரளி: மற்ற பிள்ளைகள் நம் பிள்ளைகளிடம் வந்து, நீ எந்தச் சாதி என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

சுதா: அந்தக் கேள்வி வகுப்பில் எழாதபடி ஆசிரியர் எப்படி நடத்த வேண்டும் என்பதையும் பாடத்தோடு சேர்த்து எழுத வேண்டும். அதை எழுதும் நேரத்தில் உங்களைப் போன்ற ஒருவர் அருகில் இருந்தால் நல்லது. அச்சப்படும் பெற்றோரும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

முரளி: உன்னோடு நான் உடன்படவில்லை. ஆனால் வரைவை வரிக்கு வரி படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன். முதல் பொதுக்கூட்டத்துக்கும் வருகிறேன். எந்தப் பக்கம் பேசுவேன் என்பதை இப்போது சொல்ல முடியாது.

மீனா அத்தை: நான் இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கேள்வி. பிள்ளைகள் நோட்டைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள்?

சுதா: ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து எப்படி வந்தோம் என்று கேட்டு எழுதுவார்கள், அத்தை. இந்த வகுப்புகளில் ஆப்கானியப் பிள்ளைகள் உண்டு, பிலிப்பினோ, பஞ்சாபி, மெக்சிகப் பிள்ளைகள் உண்டு. இந்த நிலத்தில் ஆதியிலிருந்து வாழும் ஓலோனி மக்களும் இன்றும் இங்கே இருக்கிறார்கள். சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி எந்த வீட்டையும் வற்புறுத்தக் கூடாது என்ற விதியைப் பாடத்திலேயே எழுத வேண்டும் என்று விண்ணப்பத்தில் குறிப்பிடப் போகிறேன். நீங்கள் நேற்று எழுதியதைப் படித்த பிறகுதான் அப்படி ஒரு விதி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மீனா அத்தை: நடந்து வந்த வழி, ஊர்களின் பெயர், தின்ற சோறு, உதவியவர்கள் ஆகியவற்றைக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. என் அத்தையைப் பற்றிய பக்கங்களைக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அப்பாவின் பெயரைப் போடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பெரியப்பா: மீனா சொல்வதே என் முடிவும். ஆனால் ஒரு பகுதியை மறைத்துக் கொடுத்தால், மறைத்திருக்கிறோம் என்பதைப் பாடத்தில் குறிப்பிட வேண்டும். ஆவணத்தைக் கையாளும் முறை அதுதான். தமிழ் மூலத்தோடு நான் உரைக்குறிப்பு எழுதித் தருகிறேன், நீ ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்.

சித்தப்பா: இதெல்லாம் பெட்டி திறந்தால்தானே? சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

மீனா அத்தை: சாவி என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வருகிறேன். நான் வந்த பிறகு பெட்டியைத் திறக்கலாம்.

சுதா: விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், அத்தை. நோட்டின் படங்கள் இல்லாமல், குடும்பத்தின் ஒப்புதல் நிலுவையில் இருக்கிறது என்று எழுதி அனுப்புகிறேன்.

பெரியப்பா: அப்படியே எழுது. அனுப்பும் முன் அந்த ஒரு பக்கத்தை இங்கே போடு. நான் ஒரு முறை படித்துவிடுகிறேன்.