மறு: ‘ரங் வெயிற்’ – நாக்கு எடையா, முன்பாரமா?

அன்பானவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை ‘ரங் வெயிற்’ (tongue weight) என்கிற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன். மறுமொழிகள் வந்து குவிந்துவிட்டன. இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். ரொறன்ரோவில் இருக்கிற என் தங்கச்சி குடும்பம் வாற ஆடியில் அல்கோன்குயின் பூங்காவுக்குப் போகிறது. காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற, உள்ளே கட்டிலும் குசினியும் உள்ள ரெயிலர். மூன்று வயதில் மகன். கிளிநொச்சியில் இருந்து போய் நிற்கிற அம்மாவும் கூடப் போகிறா. சாமான் அடுக்குவது அம்மாவின் பொறுப்பு, ஏனென்றால் அந்த வீட்டில் மூட்டை கட்டத் தெரிந்த வேறு ஆள் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த பட்டியலைத் தமிழாக்கித் தரச் சொன்னாள். மழைக்கோட்டு, காய்ச்சல் மருந்து, நுளம்பு வலை, பிள்ளையின் மாற்றுடுப்பு எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. ரெயிலரின் முன்நீட்டம் காரின் கொளுக்கியைக் கீழ்நோக்கி எவ்வளவு அமத்துகிறது என்கிற அந்த ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

> ‘நாக்கு எடை’ என்றே போட்டுவிடலாமே. மூலத்துக்கு நேரான சொல், குழப்பம் இல்லை.

மதுரை ஐயாவுக்கு: குழப்பம் இருக்கிறது ஐயா, அதுவும் இரண்டு. முதலாவது, அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “ஆற்ற நாக்கை நிறுக்கிறது?” என்று கேட்டா. ஆங்கிலக்காரர் வண்டிலின் முன்மரத்தை நாக்கு என்றார்கள். நாங்கள் அதை ஏர்க்கால் என்றோம். அவர்களுக்கு அது வாயில் இருந்து நீள்கிறது, எங்களுக்கு அது கால். உடம்பின் உறுப்பை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால் பொருள் கூட வராது.

இரண்டாவது ‘எடை’. உங்கள் பாடப்புத்தகத்தில் நிறை, எடை என்று இரண்டு. எங்கள் பாடப்புத்தகத்தில் திணிவு, நிறை என்று இரண்டு. நீங்கள் நிறை என்பது எங்கள் திணிவு. நீங்கள் எடை என்பது எங்கள் நிறை. ஆக, ‘நிறை’ என்ற ஒரே சொல் பாக்குநீரிணையின் இரண்டு கரையிலும் இரண்டு பொருளில் நிற்கிறது. இங்கே படித்த பிள்ளைக்கு நிறை நியூற்றனில், அங்கே படித்த பிள்ளைக்கு நிறை கிலோவில். எனக்கு வேண்டியதோ ஒரு விசை, அதைத் தராசில் கிலோவாக வாசிக்கப் போகிறோம். இந்தச் சண்டைக்குள் அம்மாவை இழுக்க விருப்பமில்லை.

> ‘நுனிச்சுமை’ எப்படி அக்கா?

கொழும்புத் தம்பி, சொல் அழகு. ஆனால் ரெயிலருக்கு இரண்டு நுனி. பின்நுனியில் சைக்கிள் கட்டினாலும் அது நுனிச்சுமைதானே? எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

> எங்கட அப்பு வண்டிலில் நெல்லு ஏத்தினாப் பிறகு, மாட்டைப் பூட்ட முதல் நுகத்தை ஒரு கையால தூக்கிப் பாப்பார். தூக்கேலாட்டி ‘முன்பாரம்’ எண்டு ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார். தானா மேல கிளம்பினா ‘பின்பாரம்’.

முள்ளியவளை ரீச்சர் எழுதிய இந்த வரியோடு என் தேடல் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும், மேட்டில் ஏறும்போது வண்டில் குடைசாயும். நடுவில் ஓர் அளவு உண்டு, அது அப்புவின் உள்ளங்கைக்குத் தெரியும். கனடாவில் அந்த உள்ளங்கைக்கு இலக்கம் போட்டிருக்கிறார்கள்: ரெயிலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 10 தொடக்கம் 15. ஐரோப்பாவில் சிறிய காரால் இழுப்பவர்கள் இதைவிடக் குறைவாக வைப்பார்கள். அளவு குறைந்தால் ரெயிலர் பின்னால் ஆடத் தொடங்கும். கூடினால் காரின் பின்பக்கம் தாழும், முன்சில்லுகள் லேசாகும், ஸ்ரியறிங் சொல்வழி கேளாது, முன்விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

பட்டறை அண்ணை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

> முன்பாரம் எண்டது பிழையின்ர பேர், தங்கச்சி. அளவின்ர பேர் இல்லை. ‘பெட்டி முன்பாரமாக் கிடக்கு’ எண்டு சொன்னா, கூடிப்போச்சு எண்டுதான் விளங்கும்.

நியாயமான தடை அண்ணை. ஆனால் ஊரில் “அவருக்குப் பிறஷர்” என்றால் கூடிவிட்டது என்றுதான் விளங்குகிறோம். அதே ஆளைக் கிளினிக்கில் “பிறஷர் எவ்வளவு?” என்று கேட்கிறார்கள், இலக்கம் சொல்கிறார். “அவவுக்குச் சீனி” என்பதும் அப்படித்தான். குறையின் பெயரே அளவின் பெயருமாக நடமாடுவதை எங்கள் வாய் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘முன்பாரம் 180 கிலோ’, ‘முன்பாரம் கூட’, ‘முன்பாரம் காணாது’ – மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கும் இடறவில்லை. பாரம் என்கிற சொல் திணிவு, நிறை, எடை மூன்றுக்கும் வெளியே நிற்பதும் வசதி.

சரி, குழந்தையோடு போகிற பயணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் முழு விஷயமும். குடும்ப ரெயிலர்கள் பலவற்றில் பிள்ளைகளின் அடுக்குக் கட்டில் பின்சுவரோடு இருக்கும். பிள்ளையின் சாமான் எல்லாம் அங்கேதான் போகும்: விளையாட்டுப் பெட்டி, டயப்பர் கட்டு, மடக்குத் தொட்டில், மூன்று சில்லுச் சைக்கிள், “இருக்கட்டும்” என்று அம்மா போடுகிற இரண்டு போர்வை. ஒவ்வொன்றும் லேசு. சேர்ந்தால் பின்பாரம். அதற்கு மேல் தண்ணீர்க் கலனையும் பின்னுக்கு வைத்தால் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெயிலர் மொத்தம் 1,500 கிலோ, முன்பாரம் 180 கிலோ, அதாவது நூற்றுக்கு 12; நல்ல அளவு. கொளுக்கியில் இருந்து அச்சு 3 மீற்றர். 60 லீற்றர் தண்ணீர், 60 கிலோ, அச்சுக்குப் பின்னால் ஒன்றரை மீற்றரில் வைத்தால் முன்பாரத்தில் 30 கிலோ குறையும். 1,560 கிலோவுக்கு 150. நூற்றுக்குப் பத்தும் இல்லை. அதே தண்ணீரை அச்சுக்கு முன்னால் 1 மீற்றரில் வைத்தால் 20 கிலோ கூடி 200 ஆகும். நூற்றுக்கு ஏறக்குறைய 13. சாமான் ஒன்றுதான், வைத்த இடம் இரண்டரை மீற்றர் மாறியது. ஓ.எல் (சாதாரண தர) வகுப்பில் ‘விசைத் திருப்பம்’ என்று படித்தது இதைத்தான், அப்போது ஒருவரும் வண்டிலைக் காட்டிச் சொல்லித் தரவில்லை.

நிறுப்பதற்கும் வழி இருக்கிறது. குளியலறைத் தராசு 180 கிலோவைத் தாங்காமல் போகலாம். அதனால் ஒரு பலகையை ஒரு பக்கம் கட்டையிலும் மறுபக்கம் தராசிலும் தாங்க வைத்து, ரெயிலரின் முன்நீட்டத்தைப் பலகையில் இறக்குவார்கள். கட்டைக்கும் தராசுக்கும் இடையே 3 அடி, கட்டையில் இருந்து 1 அடியில் பாரம் என்றால் தராசு காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். அப்புவின் கைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை, ஆனால் அவர் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகவும் இல்லை.

அடுத்த சொல், பின்னால் ஆடுவது. ‘ஊசலாட்டம்’ என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். ஊசல் தொங்கிக்கொண்டு ஆடுவது, இது நிலத்தில் ஓடிக்கொண்டு பக்கவாட்டில் ஆடுவது. பட்டறை அண்ணை சொன்ன ‘வாலாட்டம்’தான் சரி. “பெட்டி வாலாட்டுது” என்று டிரைவர்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரிய லொறி கடக்கும்போதோ இறக்கத்திலோ வாலாட்டம் தொடங்கினால் காரின் பிறேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து, ஸ்ரியறிங்கை நேரே பிடித்து, ரெயிலர் பிறேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்க வேண்டும்.

இனி, ரெயிலருக்கே பெயர். இதில் எனக்கு இன்னும் தயக்கம்.

> பெட்டி எண்டே விடுங்கோவன். வன்னியில ரெயிலருக்குப் பெட்டி எண்டுதானே பேர்.

உண்மைதான். உழவு மெசினுக்குப் பின்னால் வருவது பெட்டி. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு பெட்டியில் போகாத வன்னிப் பிள்ளை குறைவு. வைக்கோல் பரப்பி, மேலே பாய் போட்டு, உரப்பைக்குள் சட்டி பானை, நடுவில் பிள்ளைகள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்பாட்டித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அந்தச் சாட்டில் கயிறும் ரயரும் பார்த்துவிட்டு ஏறுவோம். (கனடாப் பட்டியலிலும், சில்லுப் பூட்டினால் 10, 25, 50 மைல்களில் நிற்பாட்டி நட் இறுக்கிப் பார் என்றிருக்கிறது. பிள்ளையார் மட்டும் இல்லை.)

அதுதான் சிக்கலும். ‘பெட்டி’ என்று எழுதியதைக் கேட்டவுடன் அம்மா சொன்னா: “அப்ப நான் பிள்ளையோட பெட்டிக்குள்ள படுத்திருந்து வாறன்.” ஒன்ராறியோவில் அது கூடவே கூடாது, ஓடுகிற ரெயிலருக்குள் ஆள் இருந்தால் சட்டப்படி குற்றம். பிள்ளை காருக்குள், தன் பாதுகாப்பு இருக்கையில், வார் பூட்டி இருக்க வேண்டும். அதனால் வழியில் தேவைப்படுகிற பால்போத்தல், பிஸ்கற், மாற்றுடுப்பு, துடைக்கிற துவாய், வாந்திக்கு ஒரு பை எல்லாம் ரெயிலரில் அல்ல, காரில் கையெட்டும் தூரத்தில். அம்மாவின் முதல் அடுக்கலில் இதெல்லாம் பின்னால் போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, இங்கே எழுதலாமோ தெரியவில்லை. 2008 கடைசியில், சண்டைக்குள் இடம்பெயர்ந்து நாங்கள் தருமபுரம் போனது பெட்டியில். கதவு, யன்னல், கூரைத் தகரம் எல்லாம் கழற்றி அடியில் அடுக்கி, அதன்மேல் மெத்தை, மெத்தையில் தங்கச்சி. அம்மாதான் அடுக்கினவ. அதற்குப் பிறகு “பெட்டி கட்டுறது” என்று எங்கள் வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை. விடுமுறைப் பட்டியலின் தலைப்பில் அந்தச் சொல்லைப் போட எனக்குக் கை வரவில்லை.

அதனால் ‘கூடார வண்டில்’ என்று போடப் போகிறேன். கோயிலுக்குக் கூடாரம் கட்டிய வண்டிலில் போன காலத்துச் சொல், அம்மாவுக்குத் தெரிந்த சொல். ‘இழுவை இல்லம்’ என்று எழுதியவர் மன்னிக்க வேண்டும், அது வீட்டுக்கடன் விளம்பரம் போலக் கேட்கிறது. ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்பதைத் தனி வரியாக, தடித்த எழுத்தில் போட்டுவிடுவேன்.

அம்மாவுக்குப் போகிற பக்கத்தில் இப்போதைக்கு இப்படி இருக்கிறது:

“பாரச் சாமான் – அரிசி, தகரப்பால், தண்ணி – அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், நிலத்தோடு வையுங்கோ. மேல் அலுமாரியில் உடுப்பு மட்டும். தம்பியின்ர கட்டிலில் தலையணையும் இரண்டு பொம்மையும் போதும், சைக்கிளைக் காருக்குள்ள போடுங்கோ. அடுக்கி முடிய முன்பாரம் நிறுத்துப் பாக்கச் சொல்லுங்கோ. நூறு கிலோவுக்குப் பத்துக்குக் குறைஞ்சா ஒரு மூட்டையை முன்னுக்குத் தள்ளுங்கோ. பதினைஞ்சுக்குக் கூடினாப் பின்னுக்கு.”

‘அச்சு’ என்றால் அம்மாவுக்கு விளங்கும், கேட்டுவிட்டேன். காரின் கொளுக்கியில் இருக்கிற 2 அங்குலக் குண்டுக்கு ‘குண்டுக் கொளுக்கி’ என்று எழுதியிருக்கிறேன். பட்டறையில் வேறு சொல் இருந்தால் அண்ணை சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டியலை அனுப்ப வேண்டும், அதற்குள் எழுதினால் மாற்றலாம்.

அன்புடன்,
கிளிநொச்சியில் இருந்து