சபையின் விசுவாசம் மெய்யானதா என்று எதை வைத்துப் பார்ப்பது? (1 தெசலோனிக்கேயர் 1)

வாவிக்கரை (கேள்வி)

எங்கள் சபை மட்டக்களப்பு நகரை ஒட்டியது, ஏறக்குறைய 70 குடும்பம். பாதிப்பேர் கடல் தொழில். கொஞ்சப்பேருக்கு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல். சில வீடுகளில் அம்மா வெளிநாட்டில். வருகிற தபசு காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய உபவாச நாட்கள்) சபையை நாமே ஆராய்ந்து பார்ப்பதென்று நிர்வாகக் குழு முடிவெடுத்து ஒரு படிவமும் தயாரித்திருக்கிறது. ஞாயிறு வருகை, காணிக்கைத் தொகை, ஞானஸ்நானம் எத்தனை, உபவாச ஜெபத்துக்கு எத்தனை பேர் என்று நான்கு கட்டம். வேதப்பாடத்திலோ இப்போது 1 தெசலோனிக்கேயர் போகிறது. "விசுவாசத்தின் கிரியை, அன்பின் பிரயாசம், நம்பிக்கையின் பொறுமை" என்று பவுல் சொல்கிற மூன்றில் ஒன்றுகூட அந்தப் படிவத்தில் அகப்படாது போலிருக்கிறது. இதையெல்லாம் ஒரு சபையில் கண்ணால் பார்க்க முடியுமா? எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.

பெரியகல்லாறு

தம்பி, படிவத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கோ. அந்தச் சபை எப்படி உண்டானது என்று முதலில் பாருங்கோ. பவுல் தெசலோனிக்கே ஜெபஆலயத்தில் மூன்று ஓய்வுநாள் பேசினார். பிறகு கலகம். யாசோனைப் பிடித்துப் பிணை வாங்கிக்கொண்டு விட்டார்கள். பவுலையும் சீலாவையும் இரவோடிரவாகப் பெரோயாவுக்கு அனுப்பிவிட்டார்கள் (அப். 17). கட்டடமில்லை, நீண்டகாலப் போதனையில்லை, தொடக்கமே உபத்திரவம். பிறகு தீமோத்தேயு போய்ப் பார்த்து வந்து நல்ல செய்தி சொன்ன பின்தான் (3:6) கி.பி. 50, 51 அளவில் கொரிந்துவிலிருந்து இந்த நிருபம் போகிறது.

முதல் அதிகாரத்தின் 8ஆம், 9ஆம் வசனங்களைக் கவனியுங்கோ. அந்தச் சபையைப் பற்றிச் சாட்சி சொல்கிறவர்கள் வெளியார். மக்கெதோனியா, அகாயா எங்கும் அவர்களே பேசுகிறார்கள், நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை என்கிறார் பவுல். அப்படியானால் சபையார் தங்களுக்குத் தாங்களே புள்ளி போடுவதில் என்ன இருக்கிறது? சந்திக் கடைக்காரர், மீன் ஏலம் எடுக்கிறவர், ஓட்டோத் தரிப்பிடத்தில் நிற்கிறவர்கள், பக்கத்துக் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் என்று ஆறேழு பேரிடம் கேளுங்கோ. "எங்கட சபை எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே வேறென்ன சொல்ல? "எங்கட ஆக்கள் கடைக் கொப்பியில எழுதின கடனை ஒழுங்காக் கட்டுறாங்களா? கூலி பேசின மாதிரிக் குடுக்கிறாங்களா? ஒலிபெருக்கி தொந்தரவா?" என்று குறிப்பாகக் கேட்டால்தான் வாய் திறக்கும். போதகர் போகக் கூடாது, அவருக்கு முன்னால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

கிரியை என்றால் எதை விட்டுத் திரும்பினார்கள் என்பது. அவர்கள் விக்கிரகங்களை விட்டுத் தேவனிடம் திரும்பினார்கள் (வச. 9). இதில் மற்றவர்களின் கோயிலைக் காட்டிவிட்டு நாம் நழுவிவிடுகிறோம். மேசையில் வேதாகமம், அலுமாரிக்குள் பிள்ளையின் சாதகக் குறிப்பு. வட்டிக்கு விடுகிறவர் நற்கருணைக்கு முதல் வரிசையில். அங்கேயிருந்து தொடங்குங்கோ.

வகுப்புத்தலைவர்

வருகைக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம்மட பக்கத்தில் அது விசுவாசத்தைவிடப் பருவத்தைத்தான் காட்டும். மாரியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு கடல் குழம்பினால் வள்ளம் கரையில் கிடக்கும், மீன்பிடி வீட்டார் எல்லாரும் ஆராதனைக்கு வருவார்கள். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டு. வயற்காரர் யானைக் காவலுக்குப் பரணில் படுப்பார்கள். இரண்டையும் ஒரே தாளில் போட்டு "பின்வாங்கிப் போனார்கள்" என்று எழுதினால் அநியாயம்.

வராதவரைச் சபை எத்தனை நாளில் தேடிப் போகிறது? அதை அளந்தால் அன்பின் பிரயாசம் தெரியும். மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் 1742இல் பிரிஸ்டலில் கட்டடக் கடன் தீர்க்க ஏற்பட்ட ஒழுங்கு. பன்னிரண்டு பேர் மட்டில் ஒரு வகுப்பு, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி. அதைச் சேர்க்க வீடு வீடாகப் போனபோதுதான் யார் நோயில், யார் சண்டையில், யார் குடியில் என்று தலைவர்களுக்குத் தெரிய வந்தது. அந்த ஒழுங்கை மெதடிஸ்த மிஷனரி வண. வில்லியம் ஓல்ட் 1814இல் வந்து இறங்கிய மட்டக்களப்புக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பல சபைகளில் அது பெயரளவில்தான் நிற்கிறது.

70 குடும்பத்தைத் தெருப்படி ஏழாகப் பிரியுங்கோ. ஒருவருக்குப் பத்து வீடு, அதற்கு மேல் வேண்டாம். கொப்பியில் மூன்று நிரல்: போன திகதி, வீட்டாரின் தேவை, செய்து முடித்த திகதி. மூன்றாவது நிரல் வெறுமையாகக் கிடந்தால் அந்தச் சந்திப்பு வெறும் தேத்தண்ணிதான். இரண்டு ஞாயிறு காணாவிட்டால் அந்தக் கிழமைக்குள் போக வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இருவராக, அதில் ஒருவர் பெண்ணாக. இது எங்கே பிழைக்கும் என்றால், தலைவர்கள் தங்கள் சொந்தக்காரர் வீடுகளையே கேட்டு எடுப்பார்கள், சபைக்குப் புதிதாக வந்தவர்கள் ஒருவர் பங்கிலும் விழ மாட்டார்கள். பிரிப்பதைத் தலைவர்களிடம் விடாதேயுங்கோ.

கணக்கன்

காணிக்கைத் தொகையால் ஒன்றும் விளங்காது. வெளிநாட்டில் நாலு பிள்ளைகள் இருக்கிற சபைக்குக் காசு வரத்தான் செய்யும். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்து கொடுத்தவை (2 கொரி. 8:2). அதே அதிகாரத்தில் 18 முதல் 21 வரை அதிகம் பேர் வாசிப்பதில்லை. அந்தப் பணத்தைக் கொண்டுபோகச் சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரைப் பவுல் கூட அனுப்புகிறார், ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கு. அப்போஸ்தலனுக்கே இரண்டாவது ஆள் தேவைப்பட்டால் நம்மட பொருளாளருக்கு?

ஆராதனை முடிந்த கையோடு, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும். 5000, 1000, 500 என்று தாள் வாரியாக எழுதி இருவரும் கையொப்பம் வைக்கட்டும். பணம் அடுத்த வேலைநாளில் முழுதாக வங்கிக்குப் போக வேண்டும். பெரும்பாலான கோளாறு இந்த இடத்தில்தான். ஒலிபெருக்கிக்காரனுக்கு, டீசலுக்கு, பூவுக்கு என்று எண்ணிய பணத்திலிருந்தே கொடுத்துவிட்டு மிச்சத்தை வைப்பிலிடுவார்கள். ஒருவரும் களவெடுக்காமலே கணக்கு உதைக்கும், பிறகு ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். சில்லறைச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கி, பற்றுச்சீட்டைக் கொடுத்தால் மட்டும் அதை நிரப்புங்கோ. நிவாரணத்துக்கென்று வந்த காசு கூரை வேலைக்குப் போகக் கூடாது. கடன் என்று சொல்லியும் போகக் கூடாது.

கொடுத்தவரின் பெயரையும் தொகையையும் பலகையில் ஒட்டுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கோ. கையில் இல்லாதவன் அந்த மாதம் கோயிலுக்கே வர மாட்டான். இலக்கமிட்ட கவர் போதும்.

தம்பிலுவில் அக்கா

அன்பின் பிரயாசம் வெள்ளம் வந்தால்தான் தெரியும். ஆனால் நல்ல மனதோடு போய்ப் பிழையாகச் செய்கிறவர்கள்தான் கூட. பாடசாலையில் தங்கியிருக்கிற சனத்துக்கு முதல் நாளே அரிசி, பருப்புப் பொதி கொண்டுபோய் என்ன செய்ய? அடுப்பில்லை, விறகு நனைந்துபோய்க் கிடக்கும். முதல் இரண்டு மூன்று நாள் சமைத்த சாப்பாடு, குடிதண்ணீர், பால்மா, பெண்களுக்கான சுகாதாரத் துவாய், பாய். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உலர் உணவு. நாலு பேருக்கு ஒரு கிழமைக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, சீனி, தேயிலை, தேங்காய் எண்ணெய், சவர்க்காரம் என்று கட்டலாம். அதோடு கிணறு இறைக்க ஒரு தண்ணீர் பம்பை வாடகைக்கு எடுத்துத் தெருத்தெருவாக விட்டால் பொதியைவிடப் பெரிய உதவி.

கிராம சேவகரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தே கொடுங்கோ. இல்லாவிட்டால் தெருவோரத்து வீட்டுக்கு மூன்று பொதி, உள்ளே இருக்கிறவனுக்கு ஒன்றுமில்லை. பட்டியலில் சைவர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று நிரல் வேண்டாம். பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைக்க வேண்டாம், "ஞாயிறு வாங்கோ" என்று சொல்லவும் வேண்டாம். சோற்றைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுத்து முகநூலில் போடுகிறவர்களுக்கு மத்தேயு 6இன் முதல் நாலு வசனம் போதும்.

நம்பிக்கையின் பொறுமை என்றால், படம் எடுக்கிறவர்கள் போன பிறகும் யார் நிற்கிறார்கள் என்பது. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு நாளுக்கு ஆண்டுதோறும் மெழுகுதிரி கொளுத்துகிறோம். காயப்பட்டவரை மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஓட்டோக் காசும் ஒரு துணையும் உங்கட சபையின் ஒழுங்கில் இருக்கிறதா? படிவத்தில் அதைக் கேளுங்கோ.

வாவிக்கரை

நன்றி. குழுவில் ஒருவர் 2 தெச. 3:10ஐக் காட்டி, வேலை செய்யாதவனுக்குச் சாப்பாடு இல்லை, நிவாரணமெல்லாம் சோம்பேறிகளை வளர்க்கும் என்கிறார். என்ன சொல்வது?

பெரியகல்லாறு

அந்த வசனம் வேலை செய்ய மனதில்லாதவனைப் பற்றியது. வேலை கிடைக்காதவன், கடலுக்குப் போக முடியாதவன், படுக்கையில் கிடக்கிறவன் அதில் வரமாட்டான். மூன்று வசனம் தள்ளி "நன்மை செய்வதிலே சோர்ந்துபோகாதிருங்கள்" என்றும் இருக்கிறது, அதையும் வாசிக்கச் சொல்லுங்கோ. முதல் நிருபம் 5:14இல் ஒழுங்கில்லாதவனுக்குப் புத்தி, திடனற்றவனுக்குத் தேற்றரவு, பலவீனனுக்குத் தாங்கல் என்று பிரித்தே சொல்லியிருக்கிறது. மூவருக்கும் புத்தி மட்டும் சொல்கிற சபைகள் நிறைய.

சொறிக்கல்முனைப் பக்கம்

நான் கத்தோலிக்கன், ஆனாலும் ஒன்று சொல்ல விருப்பம். ஒருவரும் தொடாத இடம் கலியாணப் பேச்சு. குடி (தாய்வழிக் குலம்) பார்க்கிறோம், சாதி பார்க்கிறோம், மகளுக்குக் கல்வீடு கட்டாமல் மாப்பிள்ளை வரமாட்டான். அந்த வீட்டுக்காகத்தான் அம்மா குவைத்துக்குப் போகிறாள், அல்லது கிழமைக்கிழமை கட்டுகிற நுண்கடனில் விழுகிறாள். நிர்வாகக் குழுவில் இருக்கிறவர்கள் தங்கள் மகனுக்கு வீடும் காசும் கேட்டார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கோ, கூட்டம் அதோடு கலையும்! யாக்கோபு 2இல் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்த கதை இதற்கு மிகக் கிட்ட.

அம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு ஒழுங்கு கட்டாயம். ஞாயிறு பாடசாலையிலும் மாலை வகுப்பிலும் எப்போதும் பெரியவர் இருவர், கதவு திறந்தபடி. பிள்ளை ஏதாவது சொன்னால் "சபைக்குள் பேசித் தீர்ப்போம்" என்று மூடாமல் சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு அறிவிப்பது. இலக்கத்தைப் பிள்ளைகளின் கண்ணில் படுகிற சுவரில் எழுதி வையுங்கோ. மூப்பர்மேல் குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்ற 1 தீமோ. 5:19ஐப் பிள்ளையின் வாயை அடைக்க எடுக்கிறவர்கள் பாவஞ்செய்தவனை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிற 20ஆம் வசனத்தை வாசிக்கவில்லை.

வகுப்புத்தலைவர்

இன்னொன்று. இந்த ஆராய்வைத் தபசு காலத்தில் வைத்தால் வெட்டுக் காலத்தோடு முட்டும், படுவான்கரைக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வைகாசிக்குத் தள்ளுங்கோ. வெளியாரிடம் கேட்கிற வேலையை முதல் இரண்டு கிழமையில் முடியுங்கோ, கொப்பியும் கணக்கும் அதன் பிறகு. அறிக்கையைக் குழுவுக்குள் பூட்டி வைக்காமல் ஆராதனை முடிவில் முழுதாக வாசியுங்கோ. ஆட்களின் பெயர் மட்டும் வேண்டாம்.