யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட ஆறுதலாக ஓர் இரவு தங்க எந்தத் தீவு?

வெள்ளவத்தைவாசி:
சித்திரை வருஷ லீவுக்கு யாழ்ப்பாணம் வருகிறோம். நான், மனைவி, மகள், அம்மா. கோட்டை, நல்லூர், நூலகம் எல்லாம் பார்த்த பிறகு ஏதாவது ஒரு தீவில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு வர ஆசை. வான்காரர் ஒருவர் நயினாதீவு, நெடுந்தீவு, கசூரினா கடற்கரை மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஆனால் நயினை அம்மனைக் கும்பிடாமல் திரும்ப மாட்டாராம். மகளுக்கு நெடுந்தீவில் காட்டுக் குதிரை பார்க்க வேண்டும். எனக்குப் படுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

காரைநகரான்:
படகே வேண்டாம் என்றால் எங்கள் காரைநகர்தான். பொன்னாலைப் பாலத்தால் வாகனத்திலேயே வந்து இறங்கலாம். கசூரினாவில் கடல் வெகுதூரத்துக்கு ஆழமில்லை, பிள்ளையைப் பயமில்லாமல் விடலாம். ஊர்காவற்றுறைக்கும் எங்களுக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கிறதே கடற்கோட்டை, பறங்கியர் (போர்த்துக்கீசர்) கட்டி 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்தது, அதை இப்போது கடற்படை விடுதியாக நடத்துகிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், லீவு நாளில் கசூரினாவில் சத்தமில்லாமல் கிடக்க முடியாது. பாட்டுப்பெட்டியோடு பஸ் பஸ்ஸாக வருவார்கள்.

மாவிலித்துறையான்:
வான்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் படகுத்துறைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் வையுங்கள். அங்கிருந்து நெடுந்தீவுக்குக் கடலில் இன்னொரு மணி நேரம். திரும்பவும் அதே. நடுவில் உங்களுக்கு மிஞ்சுவது உச்சி வெயில்தான்.

நான் நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவன், தொழில் ரவுனில். காலைப் படகில் வந்து பின்னேரம் திரும்புகிற சனத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். துறையில் இறங்கியதும் ஆட்டோ. பெருக்கமரத்தடியில் (பாவோபாப் மரம்) ஒரு படம், புறாக்கூட்டில் ஒரு படம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்து கிடக்கிற கோட்டையில் ஒரு படம். பிறகு முகம் கறுத்து, தலையிடியோடு படகேறி, "அங்கே என்ன இருக்கிறது, கல்லும் பனையும்தானே" என்பார்கள். அந்த வெயிலில் எங்கள் ஆட்களே வெளியில் வருவதில்லை. குதிரைகூட நிழல் தேடி நிற்கும்.

இரவு தங்கினால் கதையே வேறு. படகு போன பிறகுதான் ஊர் எழும்பும். வெயில் தாழ, புல்வெளிப் பக்கம் போங்கள். சித்திரையில் புல் காய்ந்திருக்கும், குதிரைகள் தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து வரும். பறங்கியர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவை, கட்டையான உடம்பு. கிட்டப் போனால் விலகிவிடும், பின்னால் கலைத்துக்கொண்டு ஓட வேண்டாம் என்று மகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

பெரிய இடம் எதுவும் பார்க்காமல் ஒழுங்கையால் சும்மா நடந்தாலும் பொழுது போகும். யாழ்ப்பாணத்தில் கிடுகுவேலி, பனையோலை வேலி பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் வேலி முருகைக்கல், அதாவது பவளக்கல். சுண்ணாம்பு, சீமெந்து ஒன்றும் கிடையாது, கல்லின் மேல் கல் அடுக்கியதுதான். இடைவெளியால் காற்று போகும், பல்லியும் போகும். ஒரு கல்லைக் கிட்ட வைத்துப் பாருங்கள், மூளை மடிப்பு மாதிரிச் சுருள் சுருளாக வரி இருக்கும். இன்னொன்றில் குட்டிக் குட்டி நட்சத்திரம். எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தவை. மகள் குதிரையை மறந்துவிடுவாள், பந்தயம். (ஞாபகத்துக்கு என்று ஒரு கல்லையும் உருவி எடுக்க வேண்டாம். ஒன்றை உருவினால் நாலு சரியும்.)

புங்குடுதீவு மருமகள்:
அண்ணா சொன்னது சரி, ஆனால் அம்மாவின் முழங்கால் என்ன ஆனது? நெடுந்தீவுப் படகில் துறையிலிருந்து காலை எட்டி வைத்து, குனிந்து, செங்குத்தான படியால் கீழே இறங்க வேண்டும். படகுப் பெடியன்கள் கையைப் பிடித்து இறக்குவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. உள்ளே வெக்கையும் டீசல் மணமும்தான். எங்கள் மாமி அந்த ஒரு மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொன்னா.

நயினாதீவு அப்படியில்லை, இருபது நிமிஷத்துக்குள் கரை. ஏறி இறங்க அங்கேயும் ஒரு கை பிடிக்கத்தான் வேண்டும். நாகபூசணி அம்மன் கோபுரம் துறையில் இறங்கும்போதே கண் முன்னால் நிற்கும். கும்பிட்டுவிட்டு மத்தியானம் அன்னதானம் சாப்பிட்டு, முடிந்தால் நாகவிகாரை என்கிற புத்த கோயில் பக்கமும் ஒரு நடை போய் வரலாம். இரவுக்கு வேலணையில் தங்குங்கள். பின்னேரம் சாட்டிக் கடற்கரை. குதிரைக்கு இன்னொரு லீவு இல்லையா?

வெள்ளவத்தைவாசி:
குதிரையை ஒத்திவைக்கலாம் என்றேன், வீட்டில் சண்டை. படியைப் பற்றி வாசித்துக் காட்டியதும் அம்மாவே வழி சொல்லிவிட்டார்: "நயினாதீவுக்கு எல்லாரும் போவம், பிறகு என்னைச் சின்னம்மா வீட்டில் விட்டுட்டுப் போங்கோ." சின்னம்மா வேலணையில்தான் இருக்கிறா. இருவரும் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் திரும்பி வந்ததே தெரியாது. சரி, நெடுந்தீவில் ஓர் இரவு. சாப்பாடு, தண்ணீர் எப்படி?

மாவிலித்துறையான்:
தங்குமிடத்துக்கு முதல்நாளே சொன்னால்தான் ஆளுக்குத் தக்கபடி மீன் எடுப்பார்கள். திடீரென்று போய் நண்டுக்கறி கேட்டால் பருப்பும் முட்டையும்தான். இரவுக்குப் புட்டு, கணவாய் என்று கேட்டு வையுங்கள். குளிக்கிற கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் சவர் (உப்புத்தன்மை), சோப்பு நுரைக்காது. குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டு வாருங்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோங்கள். காசு தாளாக வேண்டும், வங்கி அட்டையை நம்பி வர வேண்டாம்.

சித்திரையில் கடல் பெரும்பாலும் படிந்திருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால் படகு ஆட்டி எடுக்கும், கார்த்திகை மழைக்கு ஓடாத நாளும் உண்டு. நீங்கள் வருகிற நேரம் நல்லது. லீவு நாளில் படகு நேரம் மாறும், சின்னம்மா வீட்டில் நிற்கும்போதே குறிகாட்டுவானில் யாரிடமாவது கேட்டு வையுங்கள். கள்ளு விஷயம் தனிமடலில் கேளுங்கள், அம்மா இதை வாசிக்கிறா போல இருக்கிறது.