சார்லஸ் அரசராக ஏன் 73 வயது வரை காத்திருக்க வேண்டி வந்தது?

திண்ணைவாசி:
நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டில் ஒரு வாக்குவாதம். எலிசபெத் ராணி 1952 பிப்ரவரியில் தொடங்கி 2022 செப்டம்பர் வரை, 70 வருடத்துக்கும் மேல் அரியணையில் இருந்தார். எண்பது வயதுக்குப் பிறகாவது மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுத்திருக்கலாமே என்கிறாள் என் மனைவி. மகன் வேண்டாம், பேரன் வில்லியமுக்கே நேராகக் கொடுக்கத்தான் ராணி நினைத்தார் என்கிறார் மச்சான், எங்கே படித்தாரோ. ராணி நினைத்தால் அப்படிச் செய்ய முடியுமா? அப்புறம் இன்னொரு சந்தேகம். ஆண் பிள்ளைக்கே முதலிடம் என்று இருந்த நாட்டில், அதிக காலம் ஆண்டவர்களில் முதல் இரண்டு பேரும் பெண்களாக இருப்பது எப்படி?

பழையகாசு:
முடியாது. மச்சானிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பிடித்த பிள்ளைக்கு உயில் எழுதி வைக்கிற சமாச்சாரம் இல்லை இது, அடுத்தது யார் என்று சொல்வது சட்டம். 1701-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம்தான் இன்றும் அடிப்படை: ஜெர்மனியின் ஹனோவர் அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட சோஃபியாவின் (இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் அரசருடைய பேத்தி) வம்சத்தில் வந்தவராக இருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்கக் கூடாது. 1714-ல் ஆன் ராணி பிள்ளையில்லாமல் இறந்தபோது, உறவுமுறையில் நெருக்கமாக இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்களை ஒதுக்கிவிட்டு ஜெர்மனியிலிருந்து சோஃபியாவின் மகன் முதலாம் ஜார்ஜைக் கூட்டிவந்தது இந்தச் சட்டத்தால்தான்.

ராஜினாமா செய்வதும் சுலபமில்லை. 1936 டிசம்பரில் எலிசபெத்தின் பெரியப்பா எட்டாம் எட்வர்ட் அரியணையிலிருந்து விலகியபோது அதற்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்தக் களேபரத்தைப் பத்து வயதில் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தவர் எலிசபெத். 21-வது பிறந்தநாளன்று கேப் டவுனிலிருந்து வானொலியில் பேசும்போது, ஆயுள் நீண்டாலும் குறைந்தாலும் முழுவதும் சேவைக்கே என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவராவது விலகுவதாவது.

குழலி:
பெண்கள் கேள்விக்கு வருகிறேன், சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. அதிக காலம் ஆண்ட மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: எலிசபெத் 70 வருடம், விக்டோரியா 63 (1837 முதல் 1901 வரை), மூன்றாம் ஜார்ஜ் 59 (1760 முதல் 1820 வரை). மூன்று பேருமே யாரோ ஒருவர் நடுவில் இல்லாமல் போனதால் சின்ன வயதில் அரியணைக்கு வந்தவர்கள். மூன்றாம் ஜார்ஜின் அப்பா பட்டத்து இளவரசராகவே 1751-ல் இறந்துவிட்டார், அதனால் தாத்தாவுக்குப் பிறகு 22 வயதுப் பேரன் அரசரானார்.

விக்டோரியா கதை இன்னும் சுற்றுவழி. அவருடைய அப்பா மூன்றாம் ஜார்ஜின் நான்காவது மகன். மூத்த மகனின் ஒரே பெண் சார்லட் 1817-ல் பிரசவத்தில் இறந்துபோக, அடுத்த தலைமுறைக்கு முறையான வாரிசே இல்லை என்றதும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக் கொண்டிருந்த நடுத்தர வயதுச் சித்தப்பாக்கள் அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள். அந்த அவசரத்தில் பிறந்தவர்தான் விக்டோரியா. பெரியப்பா நான்காம் வில்லியமுக்கு டோரதியா ஜோர்டன் என்ற நடிகையோடு பத்துப் பிள்ளைகள், ஆனால் அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளாததால் ஒருவர்கூட வரிசையில் வர முடியாது. அவர் 1837 ஜூன் 20 அன்று இறந்தார். விக்டோரியாவுக்கு அப்போது 18 முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முடியாதிருந்தால் அம்மா ஆட்சிப் பொறுப்பாளர் ஆகியிருப்பார். எலிசபெத்துக்கு வழி விட்டது, மேலே சொன்ன அந்த எட்டாம் எட்வர்டின் விலகல். அப்பா ஆறாம் ஜார்ஜும் 56 வயதிலேயே போய்விட, 25 வயதில் ராணி.

உங்கள் தலைப்புக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அம்மா சின்ன வயதில் உட்கார்ந்து நீண்ட ஆயுளோடும் இருந்தால் பிள்ளை கிழவனாகத்தான் வர முடியும். மூன்றாம் ஜார்ஜின் மகன் 57 வயதில் வந்து பத்து வருடம் ஆண்டார், விக்டோரியாவின் மகன் ஏழாம் எட்வர்ட் 59 வயதில் வந்து ஒன்பது வருடம். சார்லஸ் 73.

கடலோரம்:
உலக அளவில் எலிசபெத்துக்கு இரண்டாம் இடம்தான், பிரான்சின் பதினான்காம் லூயி 72 வருடம். ஆனால் அவர் நாலு வயதில் பட்டத்துக்கு வந்தவர், முதல் சில வருடங்கள் அம்மாதான் பார்த்துக்கொண்டார். என்னைக் கேட்டால் அது போங்காட்டம்.

திண்ணைவாசி:
அருமை குழலி. மச்சானுக்கு அனுப்பிவிட்டேன், இன்னும் பதிலைக் காணோம். மனைவி இப்போது வேறு கேள்வி கேட்கிறாள்: ஆன் இளவரசி சார்லஸுக்கு நேர் அடுத்த தங்கை, பிறகு ஏன் தம்பிகளுக்குப் பின்னால்? சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்றார்களே?

பழையகாசு:
மாற்றினார்கள், ஆனால் பழைய கணக்கைத் தொடவில்லை. 2013-ல் போட்டு 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. அதனால் வில்லியமின் மகள் சார்லட் தம்பி லூயிக்கு முன்னால் நிற்கிறாள். ஆன் பிறந்தது 1950, எனவே ஆண்ட்ரூ, எட்வர்ட், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோருக்கும் பின்னால்தான். எட்வர்டின் பிள்ளைகளிலும் அதே கதை, அக்கா லூயிஸ் 2003, தம்பி ஜேம்ஸ் 2007, வரிசையில் தம்பிதான் முன்னால்.

கத்தோலிக்கரைக் கல்யாணம் செய்தால் வரிசையிலிருந்து நீக்கம் என்பதும் அதே சட்டத்தில் போய்விட்டது. அரசரே கத்தோலிக்கராக இருக்கக் கூடாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் ஆறு இடங்களில் இருப்பவர்கள் கல்யாணத்துக்கு அரசரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஏழாவது ஆளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

திண்ணைவாசி:
மச்சான் பதில் வந்துவிட்டது. "அப்படியானால் சார்லஸே வில்லியமுக்கு விட்டுக்கொடுப்பார் பாருங்கள்" என்கிறார். நான் சாப்பிடப் போகிறேன்.