31 நாள் கணக்கும் ஒரே திரையில் தெரிய வேண்டும்: 12,000 ரூபாய்க்குள் எந்த அகலத் திரை மானிட்டர்?

இலைக்கணக்கு (கோத்தகிரி)

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். எங்கள் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகள் சிலருடைய பசுந்தேயிலைக் கணக்கை வீட்டிலிருந்தே எக்செல்லில் எழுதிக் கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு நிரல். முதலில் பெயர், பிறகு 1 முதல் 31 வரை தேதிகள், கடைசியில் மொத்தக் கிலோ, முன்பணம், உரத்துக்கான பிடித்தம், கைக்கு வர வேண்டிய தொகை.

இப்போது இருப்பது 19 அங்குலப் பழைய சதுர மானிட்டர், 1280க்கு 1024 பிக்சல் (திரையில் படத்தை உண்டாக்கும் நுண்கட்டங்கள்). விஜிஏ என்ற பழைய வகைக் கேபிளில் ஓடுகிறது. மாதக் கடைசித் தேதிகளுக்கு நகர்த்தினால் முதல் வாரம் மறைந்துவிடுகிறது. ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டுப் பெயரை நிறுத்திவைக்கிறேன்; ஆனாலும் முழு மாதமும் ஒருசேரத் தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "7ஆம் தேதி நான் போட்ட மூட்டை எங்கே அம்மா?" என்று கேட்பவருக்கு அந்த மாதம் முழுவதையும் அப்படியே காட்ட வேண்டும். அது அவருடைய உழைப்பு, அவருடைய பணம். நான் மட்டும் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு தொல்லை: பனிக்காலக் காலையில் திரை மங்கலாகவே எழுகிறது, வெளிச்சம் வர நெடுநேரம் ஆகிறது. தமிழ்ப் பெயர்களில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகிறது.

கணினி நான்காம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்டு. தனிக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பின்புறம் விஜிஏ, ஹெச்டிஎம்ஐ இரண்டும் இருக்கின்றன. மேசை 90 செ.மீ. அகலம். 24, 27, 29 அங்குலம் என்று பார்க்கப் பார்க்கக் குழப்பமாக இருக்கிறது. என் தம்பியோ அதே விலைக்கு 32 அங்குல டிவியே வாங்கிவிடலாம் என்கிறான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்

27 அங்குலம் எடுங்கள் அம்மா. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. பெரிய திரைக்கு மாறியபின் மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டியிருப்பதில்லை. கணக்குப் பார்க்க வருகிறவர்களிலும் வயதானவர்கள் இருப்பார்கள் அல்லவா?

எழுத்துக்கோப்பு (ஊட்டி)

சகோதரி, அங்குலத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பிக்சலை எண்ணுங்கள். உங்கள் தேவைக்கு விடை அதில்தான் இருக்கிறது. திருமண அழைப்பிதழ், சங்க அறிக்கை என்று தமிழ்ப் பக்கங்களைத் திரையில் கோத்தே பிழைக்கிறவன் நான். புள்ளி தெரியாத திரை எவ்வளவு எரிச்சல் தரும் என்பது எனக்குத் தெரியும்.

எக்செல்லில் நிரலின் அகலத்தை 5 என்று வைத்தால் வழக்கமான எழுத்துருவில் அது 40 பிக்சல். நூற்றுக்கணக்கில் வரும் கிலோ அதில் தாராளமாக அடங்கும். 31 தேதிகளுக்கு 1240 பிக்சல். உங்கள் பழைய திரையின் மொத்த அகலமே 1280 என்பதால் பெயர் எழுதக்கூட இடம் மிஞ்சாது. இனி 1920க்கு 1080 திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு 220, தேதிகளுக்கு 1240, கடைசி நான்கு நிரல்களுக்கும் தலைக்கு 80 வீதம் 320, ஆக 1780. மீதி 140 பிக்சலில் வரி எண்களும் ஓரத்து நகர்த்துபட்டையும் அடங்கிவிடும். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கும் அளவு (ஸ்கேல்) 100 சதவீதத்தில் இருக்க வேண்டும்; 125 ஆக்கினால் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும்.

ஆகவே 24 அங்குலம், 1920க்கு 1080, ஐபிஎஸ் என்ற வகைப் பேனல். உங்கள் தொகைக்குள் நல்லதாகவே கிடைக்கும். மலிவான டிஎன் பேனலை மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறி எழுத்து வெளுத்துவிடும். உங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிய ஐபிஎஸ்தான் வேண்டும். திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்பதைச் சொல்லி, 75 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று கடைக்காரர் அடுக்குவார். எக்செல்லுக்கு 60 போதும், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

குன்னூர் நண்பர் சொல்லும் 27 அங்குலத்திலும் இந்த விலையில் பெரும்பாலும் அதே 1920க்கு 1080தான். ஒரு நிரல்கூடக் கூடுதலாகத் தெரியாது, எழுத்து மட்டும் பெரிதாகும். வயதானவர்களுக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் இருக்கிற இடத்தில் 27இல் 82 ஆகிவிடுகிறது. உங்கள் பழைய மானிட்டரிலேயே 86 இருக்கிறது! புள்ளி கரைகிறது என்று வருந்துகிறவர் அதைவிடக் கீழே இறங்க வேண்டாம்.

29 அங்குல அல்ட்ராவைட், அதாவது மிக அகலமான திரை, 2560க்கு 1080. கணக்கு எழுதுபவருக்கு அது வரப்பிரசாதம், ஐயமில்லை. ஆனால் விலை உங்கள் 12,000ஐத் தாண்டிவிடும். திரையின் உயரமும் 28 செ.மீ.தான், இப்போது இருப்பதைவிடக் குறைவு.

டிவி வேண்டவே வேண்டாம். மலிவான 32 அங்குல டிவிகளில் பல 1366க்கு 768 பிக்சல்தான். எக்செல் வரி ஒன்று 20 பிக்சல் உயரம். 1024இலிருந்து 768க்கு இறங்கினால் பன்னிரண்டு விவசாயிகளின் பெயர்கள் திரைக்குக் கீழே போய்விடும். போதாக்குறைக்குச் சில டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டும். சிவப்பில் எழுதிய எண்களின் விளிம்பு கலங்கித் தெரிவதும் உண்டு. தம்பிக்குப் படம் பார்க்க அது நல்ல பொருள். கணக்கு மேசைக்கு ஆகாது.

காலையில் மங்கலாக எழுவதற்குக் காரணம் பழைய மானிட்டரின் பின்னொளி. அது மெல்லிய குழல்விளக்கு. குளிரில் முழு ஒளிக்கு வர நேரமாகும், வயதாக ஆக மஞ்சளிக்கும். புதியவற்றில் எல்இடி என்பதால் போட்டவுடன் வெளிச்சம் வந்துவிடும்.

புதியதை ஹெச்டிஎம்ஐ கேபிளில்தான் இணைக்க வேண்டும். விஜிஏயிலும் படம் வரும், ஆனால் எழுத்தின் கூர்மை குறைந்துவிடும். இணைத்தபின் விண்டோஸ் தேடலில் கிளியர்டைப் (ClearType, எழுத்தைத் தெளிவாக்கும் வசதி) என்று தட்டி, அது காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானவற்றைத் தேர்ந்தெடுங்கள். பெயர்களுக்கு நிர்மலா யுஐ எழுத்துரு வைத்துப் பாருங்கள். புள்ளி வந்துவிடும்.

பழுதுபார்ப்பவன் (அரவங்காடு)

மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் மலையில் மானிட்டரைக் கொல்வது ஈரமும் இடியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே!

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகலில் வானம் இருண்டால் மானிட்டர் பிளக்கையும் இணையக் கேபிளையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. என்னிடம் பழுதுக்கு வந்த கணினிகளில் இணையக் கேபிள் வழியாக மின்னல் இறங்கியவையும் இருந்தன.

மழை மாதங்களில் திரையைப் பல நாட்கள் அணைத்தே வைக்காதீர்கள். தினமும் சிறிது நேரம் ஓடினால் அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும். பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கி மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரைமேல் அடிக்கவே கூடாது. உலர்ந்த மென்துணி போதும்.

கோவையில் வாங்கினால் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டையும் வைத்துச் செத்த பிக்சல், அதாவது நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி, இருக்கிறதா என்று பாருங்கள். மலைக்கு வந்தபின் மாற்றப் போவதென்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பஸ்ஸில் பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கப் போட்டு மேலே எதையும் அடுக்க விடாதீர்கள். இரவுக் குளிரில் வந்திறங்கிய பெட்டியைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுபோனவுடன் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த பாகங்களில் நீர் படியும். மறுநாள் காலையில் போடுங்கள்.

இலைக்கணக்கு (கோத்தகிரி)

மிக்க நன்றி. 1780 பிக்சல் கணக்கைப் பழைய திரையிலேயே நிரல் அகலத்தை 5 ஆக்கிச் சரிபார்த்தேன். கிலோ எண்கள் அழகாக அடங்குகின்றன. 24 அங்குலம் என்று முடிவு செய்துவிட்டேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.

குன்னூர் ஐயாவுக்கு: வயதானவர்கள் பார்க்கும்போது அவர்களுடைய வரியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறேன். அவர்களை மறக்கவில்லை.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. பழைய 19 அங்குலத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பசுந்தேயிலையின் மாத விலை அறிவிப்பை ஒரு பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு கணக்கைப் போட வசதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டலாமா?

எழுத்துக்கோப்பு (ஊட்டி)

ஓட்டலாம். எச்81 இரண்டு திரைகளைத் தாங்கும். புதியதை ஹெச்டிஎம்ஐயிலும் பழையதை விஜிஏயிலும் செருகி, விண்டோஸ் விசையுடன் பி அழுத்தி நீட்டிப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு திரைகளின் உயரமும் ஏறக்குறைய 30 செ.மீ. என்பதால் பக்கத்தில் பக்கத்தில் பொருந்தி நிற்கும்.

ஆனால் அகலம் 53ம் 38ம் சேர்ந்தே 91 செ.மீ., விளிம்புச் சட்டம் தனி. உங்கள் 90 செ.மீ. மேசையில் நேராக நிற்காது. பழையதை இடப்புறம் உங்களை நோக்கிச் சாய்கோணமாகத் திருப்பி வையுங்கள். ஜன்னல் எந்தத் திரைக்கும் நேர் எதிரே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலைவிடப் பனிமூட்டத்தின் வெள்ளை வெளிச்சம்தான் திரையில் அதிகம் அடிக்கும். மலிவான மானிட்டர்களின் நிலைக்காலை உயர்த்த முடியாது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு அடியில் ஒரு பலகை கொடுங்கள்.

இலைக்கணக்கு (கோத்தகிரி)

சரி. ஜன்னல் வலப்புறம்தான் இருக்கிறது, எனவே தொல்லை இல்லை. சனிக்கிழமை கோவை போகிறேன். பெட்டிக்குள் ஹெச்டிஎம்ஐ கேபிள் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.