தாய்ப்பாலுக்கு உதவும் பெண்களுக்குக் கிராம சபையில் பொன்னாடை: வேண்டுமா, வேண்டாமா?

ஐந்தாம் வார்டு:

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 15-ஆம் தேதி கிராம சபை. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் கொடுக்கக் கூடமாட நின்று உதவுகிற இரண்டு பேருக்கு அன்றைக்குப் பொன்னாடை போர்த்தி, அவர்கள் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருவர் அங்கன்வாடி டீச்சர். இன்னொருவர் எங்கள் தெருப் பாட்டி.

பாட்டியைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். போன வருடம் என் நாத்தனாருக்குப் பிரசவமாகி மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்று ராத்திரியே மார் இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டது. பிள்ளைக்கு வாய் வைக்கப் பிடி கிடைக்கவில்லை, வீறிட்டு அழுகிறது. மாமா பால் பவுடர் வாங்க வண்டியை எடுத்துவிட்டார். சத்தம் கேட்டுப் பாட்டி வந்தார். வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, காம்பைச் சுற்றி விரலால் கொஞ்சம் பீய்ச்சி எடுத்து, மார் இளகியதும் பிள்ளை வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பை மட்டும் இல்லாமல் அதைச் சுற்றிய கரிய வட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வைத்தார். அரைமணி நேரம்தான் இருக்கும். மாமாவுக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னோம். இப்படி எத்தனை வீட்டுக்கு நடந்திருப்பார்! யாராவது ஒரு நன்றி சொல்லியிருக்கிறோமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

டீச்சர் மகன்:

அக்கா, உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனாலும் நான் எதிர்க்கிறேன். என் அம்மா அங்கன்வாடியில் 27 வருடம் வேலை பார்த்தவர். வீட்டுப் பீரோவில் ஏழு பொன்னாடை கிடக்கிறது. ஒன்றை அரிசி மூட்டை மேல் போர்த்தியிருக்கிறோம்.

மத்திய அரசின் கணக்கில் அம்மாவுக்குக் கொடுத்ததற்குச் சம்பளம் என்று பெயர்கூடக் கிடையாது, மதிப்பூதியம்; இங்கே மாநிலத்தில் சிறப்புக் காலமுறை ஊதியம், அதுவும் முழுச் சம்பளம் இல்லை. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975-இல். இந்த ஊழியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில். அதையும் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போகிற ஆஷா சுகாதாரப் பணியாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை மூன்றாம் நாளிலிருந்து 42-ஆம் நாள்வரை ஆறு முறை வீடு தேடிப் போய்ப் பார்த்தால் மொத்தம் 250 ரூபாய் என்று வைத்தார்கள். ஒரு நடைக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள். பஸ் காசுக்கே சரியாகப் போகும்.

‘சேவை’, ‘தாயுள்ளம்’ என்று மைக்கில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காசு கொடுக்க மனமில்லாத இடத்தில்தான் இந்த வார்த்தைகள் வருகின்றன.

கணக்குப்பிள்ளை:

தம்பி, எல்லாவற்றையும் கூலிக் கணக்கில் போட்டால் எப்படி? பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது வீட்டு வேலை, உறவு முறை. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து போவதற்கு ரசீது போட ஆரம்பித்தால் நாளைக்குக் காசு வந்தால்தான் வருவார்கள். பொன்னாடையும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். பஞ்சாயத்துப் பணத்தில் சாக்கடையைத் தூர் வாருங்கள்.

டீச்சர் மகன்:

ஐயா, வீட்டு வேலை என்று நீங்கள் சொல்வதை ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து செய்தது எந்த ஆம்பளை? இங்கே வண்டி எடுத்துக்கொண்டு பவுடர் வாங்கப் போனவர்தான் ஆம்பளை. :)

பிரசவ வார்டு நர்ஸ், ஓய்வு:

சண்டையை விட்டுவிட்டு ஒரு கணக்கைப் பாருங்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ எல்லாமே ஆஸ்பத்திரியில்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 55 சதவீதம் அளவில்தான். இந்தியச் சராசரி 63.7. ஆஸ்பத்திரியில் நாம் கெட்டிக்காரர்கள், வீட்டில் கோட்டை விடுகிறோம். சிசேரியன் 45 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். வலியோடு படுத்திருப்பவளுக்கு முதல் மணி நேரத்திலேயே பிள்ளையை மாரில் போட்டு உதவ ஆள் வேண்டும்.

வார்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவோம். பால் நன்றாக ஊறி மார் கனப்பதும் அதே நாட்களில்தான். சரியாகச் சிக்கல் வருகிற நேரத்தில் அவள் எங்கள் கையை விட்டுப் போய்விடுகிறாள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் தாய்ப்பால் கொடுக்க உதவுவதற்காகப் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு வகுத்த பத்துப் படிகளில் கடைசிப் படி இதுதான்: தாய்மார் ஆதரவுக் குழுக்கள் உருவாக உதவி, வீடு திரும்பும் தாயை அவற்றிடம் சேர்த்துவிட வேண்டும். 2018-இல் அதைத் திருத்தி, வீடு திரும்பிய பிறகும் உதவி தடைபடாமல் கிடைக்க ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். முதல் ஒன்பது படிக்கு எங்களிடம் சுவரில் சார்ட் இருந்தது. பத்தாவது படிக்கு ஆள் இல்லை. அமெரிக்காவில் 1956-இல் ஏழு தாய்மார் சேர்ந்து லா லெச்சே லீக் என்ற தாய்ப்பால் ஆதரவு அமைப்பைத் தொடங்கியபோது அவர்களும் டாக்டர்கள் இல்லை, பால் கொடுத்துப் பழகியவர்கள்தான்.

அதனால் அந்தப் பாட்டியை ஊர் அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பொன்னாடையோடு நிறுத்தினால்தான் வீண்.

டப்பாப்பால் அம்மா:

எல்லாரும் ‘ஊர் ஆதரவு’ என்று உருகுகிறீர்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்லட்டுமா?

சிசேரியன். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை என்று நாக்கில் தடவினார். இன்னொருவர் சீம்பாலைப் பார்த்து, “மஞ்சளா இருக்கு, கெட்ட பால், பீய்ச்சிக் கொட்டு” என்றார். வெயில் காலம் என்று தண்ணீர் கொடுக்கச் சொன்னவர் ஒருவர். கழுதைப்பால் ஒரு சங்கு ஊற்றினால் நோய் அண்டாது என்றவர் ஒருவர். பூண்டு, பால்சுறா, பத்தியம், எதுவும் விடவில்லை. நான் நிம்மதியாகப் பிள்ளையை மாரில் போட்டுக்கொண்ட நேரம் ஒரு மணிநேரம்கூட இருக்காது. எடை இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஆஸ்பத்திரியில் பவுடர் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அதே கூட்டம், “ஒனக்குப் பாலே இல்லையா?” என்று கேட்டது. இரண்டு வருடம் ஆகிறது, கல்யாண வீட்டில் பிள்ளைக்குச் சளி என்றால் இன்னும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

நீங்கள் மேடையில் ஒருத்திக்குப் பொன்னாடை போட்டால், கீழே உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவளுக்கு அது சாட்டை. இதை யோசித்தீர்களா?

அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் பாட்டி சேனை தொட்டு வைப்பாரா, மாட்டாரா?

ஐந்தாம் வார்டு:

மறைக்காமல் சொல்கிறேன். வைப்பார். அதுவும் தேனில். போன வருடம்வரை வைத்தார். என் நாத்தனார் பிள்ளைக்கு வைக்கக் கை நீட்டியபோது கிராம சுகாதார செவிலியர் வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு வயசுக்கு முன்னாடி தேன் குடலுக்கு ஆபத்து பாட்டி, சீம்பால்தான் இதுக்குச் சேனை” என்றார். பாட்டி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த பிரசவ வீட்டில் இவரே தேன் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம். “நர்சம்மா சீம்பால்னுட்டா” என்று சொன்னாராம்.

உங்களுக்கு நடந்ததைப் படித்துக் கஷ்டமாக இருந்தது. மேடைக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை:

ஆக, நேற்றுவரை தேன் தடவியவருக்கு விருது!

பிரசவ வார்டு நர்ஸ், ஓய்வு:

ஆமாம் ஐயா. அதற்காகவேகூடக் கொடுக்கலாம். எழுபது வயதில் தன் வழக்கத்தை ஊரறிய மாற்றிக்கொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் பத்து முறை சொல்லிக் கேட்காத மாமியார், அந்தப் பாட்டி ஒரு முறை சொன்னால் கேட்பார்.

டப்பாப்பால் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பால் பத்தாமல் போனது உங்கள் உடம்பின் குற்றம் இல்லை. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்ப விடாமல் ஆளுக்கு ஒன்றை ஊற்றியது கூட்டம். உங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர், வந்தவர்களை வெளியே அனுப்புகிற ஒருவர். அதுவும் ஆதரவுதான். பவுடர் கொடுக்க வேண்டி வந்தவர்களுக்கும் கொதித்து ஆறின தண்ணீர், சரியான அளவு, பாட்டிலுக்குப் பதில் பாலாடைக் கிண்ணம் என்று பக்கத்தில் இருந்து காட்ட ஆள் வேண்டும். அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, குறை சொல்லத்தான் பார்க்கிறார்கள்.

ஐந்தாம் வார்டு:

இன்னொன்றும் கேட்க வேண்டும். விழாச் செலவை ஏற்றுக்கொள்வதாகப் பக்கத்து டவுன் மெடிக்கல் கடைக்காரர் சொல்கிறார். டீச்சருக்கு ஒரு மிக்சியும் தருகிறாராம். வாங்கலாமா?

பிரசவ வார்டு நர்ஸ், ஓய்வு:

அந்தப் பக்கமே போகாதீர்கள்! அவர் கடையில் பால் பவுடர் டப்பா அடுக்கி இருக்கும். 1992-இல் வந்து 2003-இல் இன்னும் இறுக்கப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. பவுடர் தயாரிப்பவர், விற்பவர் யாரும் சுகாதாரப் பணியாளருக்குப் பணமோ பரிசோ கொடுத்து விற்பனையைத் தூண்டக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் உணவுக்கு விளம்பரமே கூடாது. மிக்சி எந்த நோக்கத்தில் வருகிறது, டீச்சர் இதில் வருவாரா என்றெல்லாம் வக்கீல்கள் வாதாடட்டும். ஊர்ச் செலவில் டீயும் சுண்டலும் போதும்.

டீச்சர் மகன்:

இதில் மட்டும் நர்சம்மா பக்கம். மற்றபடி என் நிலை மாறவில்லை. பொன்னாடை போர்த்தத்தான் போகிறீர்கள் என்றால், அதே தீர்மானத்தில் இரண்டு வரி சேருங்கள்: ஊராட்சியில் அங்கன்வாடி காலிப் பணியிடத்தை நிரப்பக் கோருவது, சிறப்புக் காலமுறை ஊதியத்தை முழுக் காலமுறைச் சம்பளமாக்கக் கோருவது. மேலே அனுப்புங்கள். குப்பைத் தொட்டிக்குப் போனாலும் போகட்டும், பதிவாக இருக்கும்.

இன்னொன்று. அரசு ஊழியப் பெண்களுக்கு இங்கே 2021-இலிருந்து 12 மாதப் பேறுகால விடுப்பு. எங்கள் தெருவில் நூல் மில்லுக்குப் போகிறவள் நாற்பது நாளில் வேலைக்குத் திரும்புகிறாள். 2015-இல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் பிள்ளை ஊரில், அம்மா மில்லில். எந்த அறையில் உட்கார்ந்து யாருக்குப் பால் கொடுப்பாள்? ஊர் கூடி உதவி என்றால் முதலில் அந்த நாற்பதாம் நாளைப் பேசுங்கள்.

டப்பாப்பால் அம்மா:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அக்கா, கூட்டம் நடத்துங்கள், நான் தடுக்கவில்லை. பேசுகிறவர்கள் வாயிலிருந்து ‘உண்மையான தாய்’ என்ற சொல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஐந்தாம் வார்டு:

சரி. மெடிக்கல் கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தம்பி சொன்ன இரண்டு வரியும் தீர்மானத்தில் வருகிறது. தலைவர் முகத்தைச் சுளித்தார், பரவாயில்லை. பேச்சாளர் என்று யாரும் கிடையாது, செவிலியர் மட்டும் ஐந்து நிமிடம் பேசுவார்.

நேற்றுச் சாயந்தரம் பாட்டியிடமே போய்க் கேட்டேன். “பொன்னாடைய வச்சு நான் என்ன பண்ண? ராத்திரி கூப்ட்டா கெழக்குத் தெருவுல லைட்டு எரியல, கால் தட்டுது. அதப் போடச் சொல்லு” என்கிறார்.

டீச்சர் மகன்:

உடனே போடுங்கள். ஆனால் அதை விருதுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள் அக்கா. தெருவிளக்கு பஞ்சாயத்தின் கடமை.