குழந்தை வதை வழக்குகள்: இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் துணிந்து தண்டனையைக் கூட்ட வேண்டாமா?

செந்தில்வேல்: 2022 ஜூலையில் இரண்டு வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் கூட்டியது. சோலிஹல்லில் ஆறு வயது மகன் சாகக் காரணமான தந்தைக்கு 21 ஆண்டு 24 ஆனது. கீத்லியில் 16 மாதக் குழந்தையைச் சாகவிட்ட தாய்க்கு 8 ஆண்டு 12 ஆனது. கீழே இவ்வளவு பிசகு நடக்கிறதென்றால், மேல் நீதிமன்றம் ஒவ்வொரு தண்டனையையும் தானே புதிதாக எடைபோடட்டும். குறைவு என்று பட்டால் கூட்டட்டும்.

அருள்மொழி: அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை, செந்தில். 1988 குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் வழக்கை அங்கே அனுப்ப வேண்டும், நீதிமன்றமும் அனுமதிக்க வேண்டும். தண்டனை வெறுமனே குறைவாக இருந்தால் போதாது. எல்லாவற்றையும் சீர்தூக்கிய ஒரு நீதிபதி நியாயமாகத் தரக்கூடிய வரம்புக்கே வெளியே போயிருக்க வேண்டும். 1989-லேயே தலைமை நீதிபதி லேன் வகுத்த அளவுகோல் இது. சாட்சிகளை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதிதான். சோலிஹல் வழக்கில் தந்தையின் துணைவிக்கு ஆயுள் தண்டனையில் குறைந்தது 29 ஆண்டு என்றிருந்ததையும் கூட்டக் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரிதான் என்பேன்.

கயல்: கீத்லி தாய்க்கு 12 என்பதே அன்றைய உச்சவரம்பான 14-க்குப் பக்கம். 2022 ஜூனில் அதை ஆயுள்வரை உயர்த்தினார்கள், ஆனால் பழைய குற்றத்துக்கு அது பொருந்தாது.

செந்தில்வேல்: சரி, அளவுகோலை விடுங்கள். கெடு? அந்தச் சட்டம் வழக்கை அனுப்பத் தந்தது, தண்டனை நாளிலிருந்து 28 நாள். குற்றவாளி மேல்முறையீட்டுக்குத் தாமதமாக வந்தால் கூடுதல் அவகாசம் கேட்கலாம். அட்டர்னி ஜெனரலுக்கு அந்த வழியை அது தரவில்லை. இது என்ன நியாயம்?

அருள்மொழி: தண்டனை பெற்றவருக்கும் ஒரு நாளில் முடிவு தெரிய வேண்டும். தவிர, யார் வேண்டுமானாலும் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிக் கேட்கலாம், குடும்பத்தார்தான் என்றில்லை.

செந்தில்வேல்: யார் எழுதுவார்கள்? மற்றக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அம்மா அப்பா போராடுவார்கள். இங்கே கூண்டில் நிற்பதே அவர்கள்தான். செத்த குழந்தைக்காகவாவது ஊர் அழும். உயிரோடு தப்பி யார் வீட்டிலோ வளரும் மூன்று வயதுப் பிள்ளையின் வழக்கு பத்திரிகையில் ஒரு மூலைக்குக்கூட வராது. 28 நாள் யாருக்கும் தெரியாமலே ஓடிவிடும்.

அருள்மொழி: அந்தப் பிள்ளையின் நிலைமை நீங்கள் சொல்வதுபோலத்தான். அதற்குக் கெடுவை நீட்டுவதைவிட, குழந்தை வதைத் தண்டனை ஒவ்வொன்றையும் அரசுத் தரப்பே பார்த்து அட்டர்னி ஜெனரலுக்கு எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். அளவுகோலைத் தளர்த்த மட்டும் ஒப்ப மாட்டேன்.

செந்தில்வேல்: கட்டாயம் வரட்டும். கெடுவும் நீள வேண்டும். இரண்டும் வேண்டும் என்கிறேன்.